கிழித்துப் போட்ட பக்கம்

சிலுவைத்துறையில் எங்கள் பதினாலு பேரின் கையும் முதன்முதலாக நனைந்தது ஒரு புதன்கிழமை காலை பத்தேகால் மணிக்கு. எங்கள் கோயில் பங்கு மண்டபத்தில் உட்கார்ந்திருந்தோம், கரண்ட் இல்லை, குடிக்கக் கொண்டுபோன தண்ணீர் பாட்டிலைக்கூட அதுவரை ஒருத்தியும் திறக்கவில்லை. இதைச் சொல்கிறவள் கஸ்பார் பெண்சாதி பிலோமி, பொய் சொன்னால் என் நாக்கு அழுகிப் போகட்டும். ஹாங்காங்கில் வீட்டு வேலைக்கு ஆள் எடுக்கிறார்கள், அந்த ஊர்க்காரர்கள் வாயில் புழங்குகிற காண்டனீஸ் கொஞ்சமாவது தெரிந்திருக்க வேண்டும் என்று ஏஜெண்ட் சொல்லிவிட்டதால், கருவாடு காயப்போட்டும் வலை தைத்தும் பிழைத்துக்கொண்டிருந்த நாங்கள் நாற்பது நாள் வகுப்பில் போய்ச் சேர்ந்தோம். சொல்லிக்கொடுக்க வந்தவர் டைட்டஸ் சார், அங்கே ஒரு ஹோட்டல் அடுக்களையில் பதினோரு வருஷம் பாத்திரம் கழுவியவர், அதனால் அவர் கொண்டுவந்த மஞ்சள் அட்டைப் புத்தகத்தில் மரியாதைப் பேச்சு ஒன்றும் கிடையாது, வேலைக்காரர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்கிற சொற்கள் மட்டும்தான். ஃபான் குங் என்றால் வேலைக்குப் போவது, ஹோய் குங் என்றால் வேலையைத் தொடங்குவது, சாய் வுன் என்றால் பாத்திரம் கழுவுவது. மூன்றையும் சேர்த்து மூன்று தரம் சத்தமாகச் சொல்லுங்கள் என்றார், சொன்னோம், மூன்றாவது தரம் சொல்லி வாயை மூடும்போது பதினாலு பேர் மணிக்கட்டிலிருந்தும் சோப்புத் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

வேர்வை இல்லை அது. எலுமிச்சை வாசம் அடித்தது, எங்கள் ஊர்க் கடை எதிலும் இல்லாத சோப்பின் வாசம், விரல் நுனியெல்லாம் நாள் முழுக்க மீன் அலசினாற்போல ஊறிச் சுருங்கியிருந்தது, தோளும் இடுப்பும் விண்விண்ணென்று வலித்தன. டைட்டஸ் சார் எங்கள் கைகளைப் பார்த்தார், தன் கையைப் பார்த்தார், துடைத்துக்கொள்ள ஆளுக்கொரு பழைய துணி கொண்டுவந்தால் நல்லது என்று சொல்லிவிட்டு அடுத்த பக்கத்தைத் திருப்பினார்.

ஊருக்கு இது பழக ஒரு வாரம்கூட ஆகவில்லை. சாமியார் வந்து முகர்ந்து பார்த்து ஒரு ஜெபம் சொல்லி, கையைத் துடைக்காமல் பாட்டுப் புத்தகத்தைத் தொடக்கூடாது என்று ஞாயிறு பூசையில் அறிவித்தார்; மாமியார்கள், இங்கே ஒரு தட்டைக் கழுவச் சொன்னால் மூஞ்சியைத் தூக்கிவைத்துக்கொள்கிறவளுக்கு அங்கே போகாமலே கழுவத் தெரிகிறதாக்கும் என்று நொடித்தார்கள்; ரேஷன் கடையில் எங்கள் ஊறிப்போன விரலை எந்திரத்தில் எத்தனை தரம் வைத்தாலும் ரேகை விழாததால், கடைக்காரர் ஒரு நாள் முழுக்கக் கத்திவிட்டு, காண்டனீஸ் படிக்கிற பெண்களுக்குத் திங்கட்கிழமை காலை மட்டும், ஞாயிறு வகுப்பில்லாமல் கை காய்ந்திருக்கும் அல்லவா, அரிசி அப்போதுதான் என்று அட்டையில் எழுதித் தொங்கவிட்டார். என் வீட்டுக்காரர் கஸ்பார், நான் போட்டுக் கொடுக்கிற தேயிலையில் எலுமிச்சை வாசம் வருகிறது என்று முதல் நாள் துப்பினார், இரண்டாம் நாள் முகத்தைச் சுளித்துக்கொண்டே குடித்தார், மூன்றாம் நாள் இன்னொரு கிளாஸ் கேட்டார்.

மேசையைத் துடைப்பதற்கு மாத் தோய் என்று படித்த நாளில் எங்களுக்கு அந்த மேசையும் தெரிந்தது. கண்ணை மூடினால் போதும், ஒரு சின்ன அறை, ஒரு வட்ட மேசை, மேலே மூன்று கிண்ணம், ஜன்னலுக்கு வெளியே புகைமூட்டம், கதவுக்கு அந்தப் பக்கம் லிஃப்ட்டில் பதினேழு என்ற எண். வீட்டுக்குப் போகிற வழியில் ஒருத்தி சொன்னதை இன்னொருத்தி ஆமா என்றாள், மூன்றாமவள் கிண்ணத்தின் விளிம்பில் நீலக் கோடு உண்டு என்றாள், பதினாலு பேரும் கண்டது ஒரே வீடு. அந்த வீட்டில் ஆள் இல்லை. ஆனால் நாங்கள் கழுவிக் கவிழ்த்த கிண்ணங்கள் மறுநாள் எச்சிலாகக் கிடந்தன. சம்பளத்துக்கு யன் குங் என்று சொல்லிக்கொடுத்த அன்று எல்லோரும் உள்ளங்கையை விரித்து வைத்துக்கொண்டு மூன்று தரம் கத்தினோம், ஒன்றும் விழவில்லை, சிரித்துச் சிரித்து வயிறு புண்ணாகிவிட்டது. முதலாளிக்கு லோ சாய் என்று சொன்ன அன்றைக்கு மட்டும் அந்த வீட்டின் உள்ளறையில் யாரோ நாற்காலியைத் தள்ளிவிட்டு எழும்புகிற சத்தம் கேட்டது, டைட்டஸ் சார் அந்தச் சொல்லை மறுபடி சொல்லச் சொன்னபோது ஒருத்தியும் வாயைத் திறக்கவில்லை.

வேலையை விட்டுத் துரத்துவதற்கு அங்கே கணவாய் மீன் வறுப்பது என்று சொல்வார்களாம், சட்டியில் விழுந்த கணவாய் சுருளுவதுபோல வேலை போனவன் பாயைச் சுருட்டிக்கொண்டு கிளம்ப வேண்டியதுதானாம். அதைக் கேட்டதிலிருந்து எங்கள் தெருவில் ஒரு வீட்டிலும் கணவாய் வறுக்கவில்லை. வேலையே இன்னும் கிடைக்கவில்லை, அதற்குள் எதற்கு வம்பு.

எங்களுக்கெல்லாம் ஒரு நல்ல குணம் உண்டு, படித்தது மண்டையில் நிற்காது. மண்டபத்தில் சொன்ன சொல் கிணற்றடி வருமுன் பாதி போய்விடும், வீட்டுப் படி ஏறுமுன் மீதியும் போய்விடும், போகப்போகக் கையும் காய்ந்துவிடும். தெக்லா ஒருத்திக்குத்தான் மறக்கவில்லை. தெக்லா என் அடுத்த வீட்டுக்காரி, முப்பது வயதுகூட ஆகவில்லை, கொச்சித் துறைமுகத்துக்குப் போன புருஷன் அங்கேயே ஒரு குடும்பத்தைப் பார்த்துக்கொண்டு நின்றுவிட, ஐந்து வயது ஜோஸ்லினோடு கருவாட்டுக் கொட்டகையில் கூலிக்கு நின்றவள். எனக்கு இந்த வேலை கிடைக்காவிட்டால் வயது போகிறதைத் தவிர ஒன்றும் போகாது, அவளுக்கு அப்படி இல்லை. கருவாட்டைத் திருப்பிப் போடும்போதும் சொல்வாள், பிள்ளைக்குத் தலை சீவும்போதும் சொல்வாள், ஃபான் குங், ஹோய் குங், சாய் வுன், மாத் தோய் என்று ஜெபமாலை உருட்டுவதுபோல உருட்டிக்கொண்டேயிருப்பாள். ஞாயிற்றுக்கிழமையும் அவள் கை ஈரமாகவே இருந்தது.

இனிமேல் சொல்லப்போவது என் தப்பு. பத்தொன்பதாம் நாள் டைட்டஸ் சார் பலகையில் 'வேலை முடிந்தது' என்று எழுதி, அதற்கு ஃபோங் குங் என்று ஒரு தரம் சொன்னார். சிலுவைத்துறையில் முடிஞ்சுது என்ற சொல்லைக் கடல் கொண்டுபோனவனுக்கு மட்டும்தான் சொல்வோம், அதுவும் தேடப்போன படகுகள் எல்லாம் திரும்பிய பிறகு, பெரியவர் ஒருத்தர் கரையில் நின்று ஒரே ஒரு தரம் சொல்வார். மற்றபடி எந்த வேலையையும் நாங்கள் முடித்ததாகச் சொல்கிற வழக்கமில்லை, வலை தைத்தால்கூட ஒரு கண்ணியைத் தைக்காமல் விட்டு, நாளைக்கு இருக்கு என்று சொல்லித்தான் எழும்புவோம். பலகையைப் பார்த்ததும், அவர் வாயைத் திறக்குமுன்னே, பன்னிரண்டு பேர் காதைப் பொத்திக்கொண்டார்கள், தெக்லா அவர்களுக்கு முன்னாலேயே பொத்தியிருந்தாள், நான் மட்டும் பொத்தவில்லை, கோபம் வந்தால் எனக்குக் கை இடுப்புக்குத்தான் போகும். எழுந்து நின்று, எங்க ஆம்பளைக கடல்ல கிடக்காவ, பதினாலு பொம்பளை ஒண்ணாச் சேந்து அந்தச் சொல்லைச் சொல்லணுமாக்கும், உமக்கு என்ன, நீர் மலைக்காட்டுக்காரர் என்று பிடிபிடியென்று பிடித்தேன். பாவம், அவர் பயந்துபோனார். பலகையை அழித்தார், அது போதாது என்றேன், தன் புத்தகத்திலிருந்தும் எங்கள் புத்தகங்களிலிருந்தும் அந்தப் பக்கத்தைக் கிழித்துக் கொடுத்தார், நானே கொண்டுபோய்க் கடலில் போட்டேன், எல்லோரும் என்னைக் கெட்டிக்காரி என்றார்கள், எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது.

அதற்குப் பிறகுதான் தெக்லா தேய ஆரம்பித்தாள். முதலில் அவள் பிசைகிற சோற்றில் நுரை வந்தது, ஜோஸ்லின் சாப்பிட மாட்டேன் என்று அழுதாள், சரி என் வீட்டில் சாப்பிடட்டும் என்று கூட்டிவந்தேன். அடுத்தது மண்டபத்து வாசலில் கழற்றிப்போட்டிருந்த அவளுடைய நீல வார் செருப்பு காணாமல் போயிற்று, எவளோ மாற்றிப் போட்டுக்கொண்டு போய்விட்டாள் என்று வைதுகொண்டே வகுப்பில் உட்கார்ந்து ஹோய் குங் சொன்னோம், கண்ணை மூடினால் அந்தப் பதினேழாம் மாடி வீட்டின் கதவோரத்தில் நீல வார் செருப்பு கிடக்கிறது, மேசைக்குப் பக்கத்தில் முதுகைக் காட்டிக்கொண்டு ஒருத்தி நின்று துடைக்கிறாள். பின்னலைப் பார்த்தே தெரிந்தது. தெக்லா என்று பதினாலு பேரில் பதின்மூன்று பேரும் கூப்பிட்டோம், அங்கே நின்றவள் திரும்பவில்லை, இங்கே பெஞ்சில் உட்கார்ந்திருந்தவளும் திரும்பவில்லை.

ஊர் அதற்கும் பழகிக்கொண்டது. தெக்லா எங்க என்று யாராவது கேட்டால் வேலைல இருக்கா என்றார்கள், அவள் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கும்போது சொன்னார்கள். கருவாட்டுக் கொட்டகையில் அவளுக்குப் பதில் வேறு ஆள் போட்டார்கள். பூசையில் சமாதானம் சொல்ல அவள் கையைப் பிடிக்கிறவர்கள் முன்கூட்டியே கைக்குட்டையை எடுத்து வைத்துக்கொண்டார்கள். அவளைக் கூப்பிட்டால் கேட்காது, தொட்டால் தெரியாது, கண் மட்டும் நம்மைத் தாண்டி ஏதோ ஒரு சுவரைப் பார்த்துக்கொண்டிருக்கும், வலதுகை மடியில் கிடந்தபடியே வட்டம் வட்டமாகத் துடைத்துக்கொண்டிருக்கும், அந்த இடத்தில் சேலை நைந்து ஓட்டை விழுந்துவிட்டது.

நாற்பதாம் நாள் எல்லோருக்கும் சான்றிதழ் கொடுத்தார்கள், தெக்லாவின் சான்றிதழை நான் வாங்கினேன். டைட்டஸ் சாருக்குப் பழைய ஹோட்டலிலேயே மறுபடி வேலை கிடைத்திருந்தது, அன்றைக்கே கிளம்பினார். பஸ் ஏறுமுன் தெக்லாவை ஒரு நிமிஷம் நின்று பார்த்துவிட்டு, அங்கே அடுக்களையில் யாராவது ஒருத்தர் வந்து வேலை முடிந்தது என்று வாய்விட்டுச் சொல்லாமல் நாங்கள் ஒருவரும் கையைத் துடைத்ததில்லை, பதினோரு வருஷத்தில் ஒரு நாள்கூட இல்லை என்று யாரிடமோ சொல்வதுபோலச் சொன்னார். பஸ் போன பிறகுதான் அந்தப் பேச்சு என் மண்டையில் ஏறியது. அவருக்குப் போன் போட்டேன், எடுக்கவில்லை, மறுநாளும் எடுக்கவில்லை. பக்கம் கடலில் போயிற்று, மற்றவர்கள் காதைப் பொத்தியிருந்தார்கள். நாற்பது நாளில் படித்த அத்தனை சொல்லும் மறந்துபோன எனக்கு அந்த ஒரு சொல் மட்டும் நாக்கின் அடியில் அப்படியே கிடந்தது.

சொல்லியிருக்கலாம். அன்றைக்கே அவள் காதில் போய்ச் சொல்லியிருக்கலாம். கஸ்பார் அதற்கு முந்தின நாள்தான் விசைப்படகில் ஏறியிருந்தார், தங்கிப் பிடிக்கிற தொழில், திரும்ப எட்டு நாள் ஆகும், காற்று வேறு அடித்துக்கொண்டிருந்தது, மீனவர்களுக்கு எச்சரிக்கை என்று ரேடியோவில் காலையும் மாலையும் சொன்னார்கள். புருஷன் கடலில் இருக்கும்போது முடிஞ்சுது என்று எந்தப் பாஷையில்தான் சொல்ல முடியும்? அவர் கரையேறட்டும், ஏறின நிமிஷம் சொல்லிவிடுகிறேன், அதுவரை பொறுத்துக்கோ தாயி என்று அவள் தலையில் எண்ணெய் வைத்துச் சீவிவிட்டேன். ஐந்து நாள் அப்படி ஏமாற்றினேன், அவளையா என்னையா தெரியாது.

ஆறாம் நாள் காலை பதினொரு மணி இருக்கும், ஜோஸ்லினைச் சாப்பிடக் கூப்பிட்டேன், சத்தம் இல்லை. போய்ப் பார்த்தால் பிள்ளை தாயின் பக்கத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, அவளைப் போலவே மடியில் கையை வைத்து, ஃபான் குங், ஹோய் குங், சாய் வுன், மாத் தோய் என்று மெல்லிய குரலில் சொல்லிக்கொண்டிருக்கிறது. என்ன பிள்ள செய்த என்று கையைப் பிடித்தேன். ஐந்து வயதுக் கை, உள்ளங்கை முழுக்க நுரை, விரல் பத்தும் ஊறி வெளுத்துச் சுருங்கிக் கிடந்தது.

"அம்மா தனியாச் செய்தா அத்த. நான் கிண்ணம் எடுத்துக் குடுக்கேன்" என்று சொன்னாள், என் பக்கம் பார்க்காமலே சொன்னாள்.

கஸ்பாரை நினைத்தேன், அவர் லுங்கி கொடியில் காய்ந்துகொண்டிருந்ததை நினைத்தேன், மாதாவே என்னை மன்னித்துவிடு என்று மண்ணில் முட்டிபோட்டு, தெக்லாவின் முகத்தை இரண்டு கையாலும் பிடித்துத் திருப்பி, என் வாயால் அதைச் சொன்னேன்.

"ஃபோங் குங், தெக்லா. ஃபோங் குங். வேல முடிஞ்சுதுட்டி."

அவள் கை நின்றது. எத்தனையோ நாளாக வட்டம் போட்ட கை, ஒரு வட்டத்தின் பாதியில் நின்றது. பதினேழாம் மாடியில் ஒரு கதவு சாத்துகிற சத்தம் எனக்குக் கேட்டது, சத்தியமாகக் கேட்டது, அதற்குப் பின்னால் யாரோ நாற்காலியில் உட்கார்கிற சத்தமும் கேட்டது. தெக்லா தன் கையைப் பார்த்தாள், சேலைத் தலைப்பில் இரண்டையும் துடைத்தாள், எழுந்து நிற்கப் பார்த்து முடியாமல் என் மேல் சாய்ந்து, மணி என்னக்கா, பிள்ள சாப்பிட்டுட்டா என்று கேட்டுவிட்டு அப்படியே தூங்கிப்போனாள், இரண்டு நாள் தூங்கினாள். ஜோஸ்லினின் கை காய்ந்துவிட்டது. வாசலில் நீல வார் செருப்பு கிடந்தது, எங்கள் ஊரில் இரண்டு மாதமாக மழையில்லை, அது மழையில் நனைந்து கிடந்தது.

நான் கடற்கரையில் போய் உட்கார்ந்தேன். யாரிடமும் சொல்லவில்லை. கறுப்புச் சேலை எது இருக்கிறது என்றுகூட யோசித்துவிட்டேன், அவ்வளவுதான் என் நிலைமை. மூன்றாம் நாள் மத்தியானம் படகு வந்தது, ஏழு பேர் போனார்கள், ஏழு பேரும் வந்தார்கள், கஸ்பார் கடைசியாக இறங்கி, நல்ல பாடு பிலோமி, சீலா மீன் கிடைச்சிருக்கு என்று சிரித்துக்கொண்டே வந்தார். எனக்கு எங்கிருந்து அப்படி ஒரு ஆத்திரம் வந்ததோ, ஊர் பார்க்க அவர் நெஞ்சில் இரண்டு கையாலும் குத்தினேன், நீரு நல்லாத்தான் வருவீருன்னு தெரிஞ்சிருந்தா முதல் நாளே சொல்லியிருப்பேனே, ஒரு புள்ளையைக் கொல்லப் பாத்தேனே உமக்காவ என்று அழுதேன். அந்த மனுஷனுக்கு ஒன்றும் விளங்கவில்லை, சரிட்டி சரிட்டி என்று மீன் நாற்றக் கையால் என் தலையைத் தடவிக்கொண்டு நின்றார்.

அந்த மாதக் கடைசியில் தெக்லாவுக்கு விசா வந்தது, எங்கள் பதினாலு பேரில் அவளுக்கு மட்டும் வந்தது. போகாதே என்று நான் காலில் விழாத குறையாகச் சொன்னேன், கருவாட்டுக் கொட்டகையில் பேசி வேலை வாங்கித் தருகிறேன் என்றேன், ஜோஸ்லினை என் பிள்ளை மாதிரிப் பார்ப்பேன் அது வேறு விஷயம், ஆனால் நீ போகாதே என்றேன். அவள் பெட்டியில் துணி அடுக்கிக்கொண்டே கேட்டாள்.

"எனக்கு வேல செய்யப் பயமில்லக்கா. முடிஞ்சுதுன்னு சொல்ல ஒரு ஆளு இருந்தாப் போதும். நீங்க சொல்லுவியளா?"

சொல்லுவேன் என்றேன். ஜோஸ்லினை என்னிடம் விட்டுவிட்டு, தனக்கென்று வாங்கிய புது ஷூவைப் போடாமல் அந்த நீல வார் செருப்பைப் போட்டுக்கொண்டுதான் பஸ் ஏறினாள், அதுக்கு அங்க இடம் தெரியும் என்றாள்.

அன்றிலிருந்து சாயங்காலம் ஆறு மணிக்குக் கோயில் திரிகால மணி அடித்ததும் நான் கரையில் போய்க் கிழக்கே பார்த்து நின்று, அந்த நேரம் அங்கே எட்டரை மணி, அடிவயிற்றிலிருந்து ஃபோங் குங் என்று கூப்பிடுவேன். முதல் வாரம் என்னைப் பைத்தியம் என்றார்கள். இரண்டாம் வாரம் கூடப் படித்த பெண்கள் நாலு பேர் வந்து நின்றார்கள், பிறகு வலை தைக்கிறவர்கள் வந்தார்கள், சாமியார் மணியை இரண்டு நிமிஷம் நீட்டி அடிக்கச் சொல்லிக் கோயில்பிள்ளைக்கு உத்தரவு போட்டார், இப்போது கரையில் கிடக்கிற ஆம்பிளைகளும் வருகிறார்கள், கஸ்பாரின் குரல்தான் எல்லோரிலும் பெரிது. வலையில் ஒரு கண்ணியைத் தைக்காமல் விடுகிற வழக்கமும் போய்விட்டது. மணி அடித்து நாங்கள் சொல்லி முடித்து வீடு திரும்பினால், தெக்லா வீட்டு வாசலில் நீல வார் செருப்பு கிடக்கும், சில நாள் மழையில் நனைந்து, சில நாள் காய்ந்து, எலுமிச்சை வாசத்தோடு; காலை மணி அடிக்கும்போது பார்த்தால் இருக்காது. போனில் பேசும்போது தெக்லாவிடம் இதைச் சொன்னேன். அந்த நேரத்தில் தினம் தனக்குக் கால் வலி விட்டுப்போகிறது என்றாள்.

ஒரே ஒரு நாள்தான் தவறியது. எனக்குக் காய்ச்சல், கண்ணைத் திறக்க முடியவில்லை, அன்றைக்குப் பார்த்துப் புயல் எச்சரிக்கை, கரைக்கு ஒருத்தரும் போகவில்லை, கரண்ட் இல்லாததால் கோயில் மணியும் அடிக்கவில்லை. ஆறரை மணிக்கு ஜோஸ்லின் வந்து என் போர்வையை இழுத்தாள். செருப்பு வரல அத்த என்றாள். அவள் தோளைப் பிடித்துக்கொண்டு அந்தக் காற்றில் கரைக்கு நடந்தேன், மண் கண்ணில் அடித்தது, இரண்டு பேரும் நின்று சொன்னோம், என் தொண்டையில் காற்றுதான் வந்தது, பிள்ளைதான் சத்தமாகச் சொன்னாள், மூன்று தரம் சொன்னாள். திரும்பி வரும்போது வாசலில் செருப்பு கிடந்தது, வார் வரைக்கும் தண்ணீர் நின்றது. ஜோஸ்லின் அதை எடுத்து வடித்து, ஓட்டுக்குக் கீழே நனையாத இடத்தில் வைத்து, தன்னுடைய சின்னச் செருப்பைக் கொஞ்சம் தள்ளி வைத்து அதற்கு இடம் விட்டாள்.